கோவை மேயரை மக்கள் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை?

கோவையில் 2022-இல் வாக்களித்த தாங்கள், மேயருக்கென்று தனியாக ஒரு பொத்தான் இல்லாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வாண்டு பிப்ரவரி 19 அன்று வாக்காளர் அளித்தது தம் வார்டு கவுன்சிலருக்கான ஒரே வாக்கு. அவ்வாறு 100 வார்டுகளில் வென்ற கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று மாமன்றத்தில் கூடியபோது, போட்டியே இல்லாமல் கல்பனா ஆனந்தகுமார் மேயரானார்.

2011-இல் நிலைமை வேறு. அப்போது மேயருக்கும் கவுன்சிலருக்கும் தனித்தனியே வாக்களித்தோம், செ.ம. வேலுசாமி வென்றார். அவர் விலகியதும் 2014-இல் மாநகர் முழுவதும் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதன்பின் சட்டம், கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலுக்கும், மீண்டும் நேரடித் தேர்தலுக்கும் மாறி, இறுதியாக 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மறைமுகமாகவே நிலைத்தது (ஆட்சியிலிருப்போரின் வசதிக்கேற்ப மாறியது என்றே எனக்குத் தோன்றுகிறது).

நடைமுறையில் இதன் விளைவு பெரிது. 2024 ஜூலையில் கல்பனா பதவி விலகியபோது, மக்கள் வாக்களிக்கும் தேர்தல் எதுவுமின்றி, அடுத்த மாதமே 29-ஆவது வார்டு கவுன்சிலர் ரங்கநாயகி போட்டியின்றித் தேர்வானார். செலவு மிச்சம்தான், ஆனால், மேயர் பதில் சொல்ல வேண்டிய இடம் வாக்காளரிடமிருந்து கட்சித் தலைமைக்கு நகர்ந்துவிடுகிறது.