ஆறாம் வகுப்பு மகளுக்கு வாண்டர்வால்ஸைப் பற்றி எப்படிச் சொல்வது?

மகள் ஆறாம் வகுப்பு, பள்ளியில் மூன்று நிமிடம் ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேச வேண்டும், சீட்டில் வாண்டர்வால்ஸ் பெயர் வந்திருக்கிறது, தேடினால் சமன்பாடுகள்தான் கிடைக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். அந்தச் சமன்பாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் நேராகச் சமையலறைக்குத்தான் அழைத்துப் போவேன்.

பாதி தீர்ந்த சமையல் எரிவாயு சிலிண்டரை நீங்கள் லேசாக அசைத்துக் காட்டுங்கள். உள்ளே தளும்பும். அடுப்பில் வாயுவாக வருவது சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவமாக அடைத்தால் வாயுவாக இருப்பதைவிடச் சுமார் 250 மடங்கு குறைவான இடம் போதும். அதனால்தான் 14.2 கிலோ எரிவாயு அடுப்பு மேடைக்குக் கீழே அடங்குகிறது. இப்போது மகளிடம் கேளுங்கள்: அழுத்தினால் வாயு ஏன் திரவமாக வேண்டும்? நெருக்கமான வாயுவாகவே இருந்துவிட்டால் என்ன?

19ஆம் நூற்றாண்டில் புழங்கிய எளிய வாயு விதியிடம் இதற்குப் பதில் இல்லை. அதன் கணக்கில் மூலக்கூறு வெறும் புள்ளி, அதற்குப் பருமன் கிடையாது. ஒரு மூலக்கூறு இன்னொன்றை இழுப்பதும் இல்லை. அப்படி ஒரு வாயுவை எவ்வளவு அழுத்தினாலும், எவ்வளவு குளிர்வித்தாலும் அது திரவமாகாது. மேகமும் இல்லை, மழையும் இல்லை. வாண்டர்வால்ஸ் இரண்டு திருத்தங்கள் சொன்னார். மூலக்கூறுக்கென்று ஓர் இடம் உண்டு, அதற்குமேல் நசுக்க முடியாது. மூலக்கூறுகள் அருகே வரும்போது ஒன்றையொன்று இழுக்கின்றன. பெரிய கண்டுபிடிப்பு இவ்வளவுதானா என்று தோன்றலாம். மூலக்கூறுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பெரிய அறிஞர்களே சந்தேகப்பட்ட காலத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால், 'அப்படியானால் ஆக்சிஜனையும் அழுத்தியே திரவமாக்கலாமே?' என்று மடக்கும். அறை வெப்பநிலையில் முடியாது. இடைவேளை மணி அடித்ததும் தலைதெறிக்க ஓடும் பிள்ளைகளைக் கை கோக்கச் சொல்லிப் பாருங்கள். வேகம் தணிந்தால்தான் நடக்கும். மூலக்கூறுகளும் அப்படித்தான். சூட்டில் அவற்றின் வேகம் கூடும், இழுப்பு எடுபடாது. ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு, அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. கார்பன் டை ஆக்சைடுக்கு அது ஏறக்குறைய 31 டிகிரி செல்சியஸ் என்று அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியலாளர் 1869இல் அறிவித்திருந்தார். ஆக்சிஜனுக்கு மைனஸ் 118. இந்த எல்லை ஏன் வருகிறது என்பது வாண்டர்வால்ஸின் சமன்பாட்டிலிருந்து தானாகவே வந்து விழுந்தது.

வாழ்க்கைக் கதைக்கு ஒரு நிமிடம் போதும். 1837இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு தச்சருக்குப் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். பதினைந்து வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது, தொடக்கப் பள்ளியில் வேலை கற்று ஆசிரியரானார். லத்தீனும் கிரேக்கமும் படிக்காதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது என்பது அந்நாளைய விதி. அதனால் வகுப்புகளில் உட்கார்ந்து கேட்க மட்டும் அனுமதி கிடைத்தது. பிறகு விதி தளர்ந்தது. 1873இல், 35 வயதில், டாக்டர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடுதான் மேலே சொன்ன விஷயம். அதைப் படிப்பதற்காகவே சிலருடைய கவனம் டச்சு மொழியின் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அந்நாளின் பெரிய இயற்பியலாளரான மாக்ஸ்வெல் எழுதினார். 1910இல் நோபல் பரிசு. ஏழைப் பையன் முன்னேறினான் என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். அந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், சிலிண்டர் இவருக்கு மட்டுமே உரியது.

நேரம் மிஞ்சினால் பல்லி. அதன் விரல்களின் அடியில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் உள்ளன, ஒவ்வொன்றின் நுனியும் மேலும் பிரிந்திருக்கும். அவை சுவரை மிக நெருங்கித் தொடும்போது எழுவது இதே மூலக்கூறு இழுப்புதான் என்று 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனையில் காட்டினார்கள். பசை எதுவும் இல்லை. வகுப்பில் கைதட்டல் வாங்கித் தரப்போவது இந்தப் பகுதிதான்.

ஹீலியத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனம் வரவில்லை. யாராலும் திரவமாக்க முடியாமல் கடைசியாக மிஞ்சியிருந்த வாயு அது. எந்த அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருக்கும் என்று வாண்டர்வால்ஸின் விதிகளைக் கொண்டு முன்கூட்டியே கணித்து, 1908 ஜூலை 10 அன்று டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் அதைத் திரவமாக்கிக் காட்டினார். அதுவும் லைடனில்தான்.