எந்தக் கருவி எதற்கு? தனியாக வெப்சைட் செய்பவர்களின் கேள்விகள்

காரைக்குடி வட்டாரத்தில் தனியாக வெப் டிசைன் வேலை எடுத்துச் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இப்பத்தான் தனியா வேலை எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். போட்டோஷாப்புக்கு மாசாமாசம் பணம் கட்ட முடியலை. லேப்டாப்பும் பழசு. என்ன செய்யலாம்? (காரைக்குடி)

கட்ட வேண்டாம் தம்பி. பக்க அமைப்பை வரைய ஃபிக்மாவின் இலவசக் கணக்கே போதும். பிரவுசரிலேயே ஓடும். வரைந்ததை லிங்க்காக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே பார்த்துவிடுவார். ஓப்பன் சோர்ஸ்தான் வேண்டும் என்றால் பென்பாட் இருக்கிறது. வாடிக்கையாளர் போட்டோஷாப்பில் செய்த பழைய பிஎஸ்டி கோப்பைக் கொடுத்தால், பிரவுசரில் ஓடும் ஃபோட்டோபீயில் திறக்கலாம். அதற்காகக் கோப்பை எந்த சர்வருக்கும் ஏற்ற வேண்டியதில்லை. லோகோவுக்கு இங்க்ஸ்கேப். இந்த நான்கும் கைக்குப் பழகிய பிறகு, காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

டைல்ஸ் பட்டறை ஒன்றுக்குத் தளம் செய்தேன். இருபது படம் போட்டிருக்கிறேன். திறக்கவே நேரமாகிறது என்கிறார்கள். (ஆத்தங்குடி)

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். ஒரு படம் 4 எம்பி என்றாலும் இருபதுக்கு 80 எம்பி. சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்ப்புறத்தில் அது எப்படித் திறக்கும்? கூகுள் குரோம் குழுவினர் வெளியிட்ட ஸ்கூஷ் இலவசக் கருவி. படத்தைப் போட்டு, அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் தரம் 75 வைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் கோட்டை இழுத்தால் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எனக்குப் பெரும்பாலும் 200 கேபி பக்கத்தில் வந்துவிடுகிறது. பிறகு தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்துச் சோதியுங்கள். பக்கத்தின் முக்கியமான பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, காய்ந்த சிமென்ட் மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்கிறார்கள். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பைத் தருகிறது. அதே பளபளப்பு ஃபிளாஷ் போட்டால் படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கல்லை வைத்து எடுங்கள்.

பக்கத்தின் பின்னணிக்குப் புகைப்படமே தேவையில்லை. ஒரே ஒரு கல்லின் பூவை இங்க்ஸ்கேப்பில் எஸ்விஜியாக (கோடுகளாகவே சேமிக்கும் பட வடிவம்) வரைந்து, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் திரும்பத் திரும்ப வரச் சொன்னால் செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலைத் தரை மாதிரியே விரியும். எஸ்விஜிஓஎம்ஜி தளத்தில் ஒருமுறை போட்டு எடுத்தால் கோப்பு இன்னும் சுருங்கும். ஆனால் கல்லில் இருக்கும் மஞ்சளை வெள்ளைமேல் எழுத்துக்கு வைக்காதீர்கள், வயதானவர்களால் படிக்க முடியாது. எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் ஒப்பிடும் வெப்எய்ம் கான்ட்ராஸ்ட் செக்கரில் விகிதம் குறைந்தது 4.5 இருந்தால்தான் பத்திகளில் வரும் சாதாரண எழுத்துக்கு ஏற்றது.

அச்சகத்தில் கொடுத்த தமிழ், தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. (தேவகோட்டை)

பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். தமிழ் எழுத்துகளுக்கே தனி எண் வைத்திருக்கும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இலவசமாகச் செய்யும்.

மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பலகாரக் கடைத் தளத்தில் ‘கௌரி’ என்று தேடினேன், வரவில்லை. பக்கத்தில் இருந்தது, ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்ட ‘கெளரி’. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு சொல். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுவதும் இப்படித்தான். ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாக எழுத முடியும், இரண்டும் ஒரே உருவம் காட்டும். கடைப் பெயர், ஊர்ப் பெயர், ஆச்சிமார் பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பெயர் பிழையானால் வீட்டார் மனம் நோகும்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றுமே திறந்த உரிமம், வணிகத் தளத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ‘கீ’யின் மேல்சுழி மேல் வரியை முட்டும், நான் எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வைக்கிறேன். பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்லில் குறிக்கவும் மறக்க வேண்டாம்.

பழைய வீட்டை ஓட்டலாக நடத்துகிறவருக்குத் தளம். நெட்டில் இருக்கும் செட்டிநாட்டு வளவு (வீட்டின் உள்முற்றம்) படங்களை எடுத்துப் போடலாமா? (கானாடுகாத்தான்)

கூடாது. விக்கிமீடியா காமன்ஸில் நம் வீடுகளின் படங்கள் உண்டு. ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்து, எடுத்தவர் பெயரைப் போடச் சொல்லியிருந்தால் போட வேண்டும். அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ் இரண்டிலும் இலவசப் படங்கள் கிடைக்கும். ஆனாலும் வேறு வீட்டு முகப்பைக் காட்டி விருந்தினரை வரவழைப்பது தவறு. ஒரு நாள் காலையில் அந்த வீட்டுக்கே போய் எடுத்து வாருங்கள்.

வேலையை முடித்துக் கொடுத்து மூன்று மாதமாகிறது. பணம் வரவில்லை. (புதுவயல்)

கணக்கெழுதுவதில் பேர்பெற்ற சீமை நம்முடையது, அந்தப் பழக்கத்தை நாமும் விடக் கூடாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் அது இலவசம், யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையத்தளத்தில் பதியலாம். எனக்கு அதுவரை போக வேண்டி வந்ததில்லை. பில்லின் அடியில் இந்த 45 நாள் வரியைச் சேர்த்த பிறகு பணம் பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறது. முன்பணமாகப் பாதியை வாங்கிக்கொண்டே கை வையுங்கள்.

டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) யார் பெயரில் வாங்குவது? நம் பெயரில் இருந்தால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போக மாட்டார் என்கிறான் நண்பன். (பள்ளத்தூர்)

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். எனக்கு முன் ஒரு தங்கும் விடுதிக்கு வேலை செய்தவர் டொமைனைத் தன் மின்னஞ்சலில் வாங்கியிருந்தார். பிறகு போன் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விட்டார். புதுப்பிக்கும் தேதி கடந்து பெயர் கைவிட்டுப் போனது. அச்சடித்த கார்டு, பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரிதான். விடுதி நடத்தும் அம்மா அந்தக் கார்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. டாட் இன் ஆனாலும் டாட் காம் ஆனாலும் வாடிக்கையாளர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் கார்டில் வாங்குங்கள். ஓடிபி அவர் போனுக்குத்தான் போக வேண்டும்.