சங்கராபரணத்தில் ஏன் இந்த ஏக்கம்?

மதிப்புக்குரிய ஐயா,

என் மகள் கேட்கும் ஆங்கில 'இண்டி ஃபோக்' காதல் பாடல்களை அண்மையில் நானும் கேட்கத் தொடங்கினேன். ஒரு கிற்றார், முணுமுணுப்பது போன்ற ஒரு குரல், வேறொன்றுமில்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் பாடிப் பழகியவள் என்பதால் ஸ்வரம் பிடித்துப் பார்த்தேன். பல பாடல்கள் சோக ராகமான முகாரியின் பக்கமே போகாமல், மகிழ்ச்சியான சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களிலேயே நிற்கின்றன. காதலி பக்கத்தில் இருப்பதாகத்தான் சொற்களும் சொல்கின்றன. பிறகு ஏன் மனம் கனக்கிறது? இப்படித் தமிழில் பாட முடியுமா?

ஒரு வாசகி,
வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் குரலின் ஸ்வரங்களைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். அடுத்த முறை கிற்றார்க்காரரின் கட்டைவிரல் மீட்டும் தடித்த தந்தியையும் கவனியுங்கள். நமது கச்சேரியில் தம்புரா ஸட்ஜத்தை அசையவிடாது. இந்தப் பாடல்களிலோ ஆதாரமே இடம் பெயர்கிறது. குரல் அதே ஏழு ஸ்வரங்களுக்குள் இருக்க, தடித்த தந்தி ஸட்ஜத்தை விட்டுத் தைவதத்தில் போய் அமர்ந்ததும், ஆதார ஸ்வரத்தை மாற்றினால் ராகமே மாறும் என்று நீங்கள் கிரகபேதத்தில் படித்ததைப்போல, அதே ஸ்வரங்கள் சோகம் தோய்ந்த நடபைரவி ராகத்தின் சாயலைப் பெற்றுவிடுகின்றன. இரண்டு ஆவர்த்தத்தில் அது மீண்டும் ஸட்ஜத்துக்கு வந்தாலும் அந்தச் சாயல் காதில் தங்கிவிடுகிறது.

இதைவிட நுட்பமான வேலை காந்தாரத்தில் நடக்கிறது. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மேற்கத்தியச் சுரக்கோவையில் (கோர்ட்) மகிழ்ச்சியா துயரமா என்று காதுக்குச் சொல்வது பெரும்பாலும் காந்தாரமே. அந்தக் காந்தாரத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மத்திமத்தைச் சற்று நேரம் ஒலிக்கவிட்டால், கேட்பவருக்கு எந்தப் பக்கமும் சாய முடியாது. நீங்கள் ஏக்கம் என்று உணர்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புத்தான் என்பது என் எண்ணம்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திசைநோக்கும் ஒலிவாங்கியை உதட்டருகே வைத்து மெல்லப் பாடினால், கீழ்ஸ்தாயி ஒலிகள் இயல்பைவிடப் பெருத்துப் பதிவாகும். மூச்சும், தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலியும் சேர்ந்தே வரும். 'அயர்ன் அண்ட் வைன்' என்ற பெயரில் பாடும் சாம் பீம், 2002இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பை வீட்டிலேயே, நான்கு ஒலித்தடங்களை மட்டுமே பதியும் எளிய நான்குதடக் கருவியில் பதிவுசெய்தார்; அதில் குரல் ஏறக்குறைய கிசுகிசுப்புத்தான். (காலி வீதிப் பஸ் இரைச்சலுக்கு நடுவே இதைக் கேட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.)

இத்தனை நெருங்கிய குரல் ஒருவரிடம் மட்டுமே பேசுகிறது. நமது திரைப்பட டூயட்டில் சரணத்துக்குச் சரணம் பதில் வந்துவிடும். இங்கே காதலி பக்கத்தில் இருப்பதாகச் சொற்கள் சொன்னாலும், பாடல் முடியும்வரை அவள் வாய் திறப்பதேயில்லை. அதனால் சொற்களை நம்புவதா, அந்த மௌனத்தை நம்புவதா என்று நமக்குத் தெரிவதில்லை.

தமிழில் தாராளமாகப் பாடலாம். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கப்போவது மொழியல்ல, பயிற்சி. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் கமகமில்லாமல் நேராக நிறுத்துங்கள்; அசைத்தால் கிற்றாரின் சுரக்கோவையோடு உரசும். சபையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டையை அடக்குவது அதைவிடச் சிரமம். மகளைக் கிற்றார் மீட்டச் சொல்லி, கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவுசெய்து பாருங்கள். எங்கே குரலை உயர்த்துகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.