மீன் தோலை உரிக்கலாமா?

கேள்வி: விளைமீன் பொரிக்கும்போது தோல் தாச்சியில் ஒட்டிக் கிழிகிறது, துண்டும் வளைகிறது. தோலை உரித்துவிடலாமா? மீனுக்கு அந்த வழுவழுப்பு எதற்கு?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: உரிக்க வேண்டாம், தோல்தான் சதையை உடையாமல் பிடித்திருக்கிறது.

நம் தோலின் மேற்பரப்பு இறந்த கலங்கள். மீனுக்கோ அங்கேயும் உயிருள்ள கலங்கள். அவற்றிடையே உள்ள சளிக் கலங்கள் சுரப்பதே அந்த வழுவழுப்பு. கிருமியும் ஒட்டுண்ணியும் தங்காமல் அது காக்கிறது. கடலில் திருப்பி விடும் மீனை ஈரக் கையால் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

செதில் மேலே ஒட்டியதல்ல. உட்தோலில் உள்ள சிறு பைகளில் வேரூன்றி, வால்பக்கம் சாய்ந்து, ஓடு அடுக்கியதுபோல் கிடக்கும். ஆகவே வாலிலிருந்து தலைநோக்கிச் சுரண்டுங்கள், மீன் ஈரமாக இருக்கும்போதே. காய்ந்தால் செதில் இறுகிவிடும். (சுறாவில் செதிலின் அமைப்பே பல்லைப் போன்றது. அதே திசையில் தடவினால் அரம்போல் உரசும்.)

உட்தோல் முழுக்கக் கொலாஜன் என்ற புரத நார்கள். சூடு பட்டதும் அவை சதையைவிட வேகமாகச் சுருங்கும், துண்டு வளையும். தோலில் மட்டும் 2 செ.மீ. இடைவெளியில் மெல்லக் கீறிவிடுங்கள். ஈரத்தில் கொலாஜன் பசையாகி ஒட்டும். உப்பு, மஞ்சள் தடவி 10 நிமிடம் வைத்து, கசியும் நீரை நன்றாகத் துடையுங்கள். எண்ணெய் நன்கு காய்ந்தபின் தோல்பக்கம் கீழே வைத்து, அரை நிமிடம் அகப்பையால் அழுத்துங்கள். பிறகு 3, 4 நிமிடம் தொடவே கூடாது. மொறுமொறுத்ததும் தானே விட்டுக்கொடுக்கும்.