அமெரிக்காவில் முதல் குடியேறிகள் உருவாக்கிய ஒரு பழைய பண்ணை, பிறகு யார் யார் கைக்குப் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்ம ஊர் மாதிரியேதான், தாய்ப்பத்திரத்தில் தொடங்க வேண்டும். குடியிருந்து பயிர் செய்பவருக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி கிடைத்த நிலம் என்றால், மத்திய அரசு கொடுத்த ‘பேட்டன்ட்’ என்ற நில உரிமைப் பத்திரம்தான் தாய்ப்பத்திரம். பொது நில அலுவலகப் பதிவுகளின் இணையதளத்தில் மாநிலம், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), பெயர் கொடுத்தால் இலவசமாகவே பார்க்கலாம். டெக்சாஸிலும் பழைய 13 காலனிகளிலும் இது உதவாது. அங்கே மத்திய அரசு பிரித்துக் கொடுத்த பொது நிலம் இல்லை.

பலர் பேட்டன்ட் கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். அதில் பெயர், தேதி, நில விவரம் தவிர அதிகம் இருக்காது. பண்ணை எப்படி இருந்தது என்று தெரிய, தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த நிலத்தின் கோப்பைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். நெப்ராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் கோப்பைப் பாருங்கள். சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே பிரவுன்வில் அலுவலகத்தில் மனுப் போட்டவர். ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்ததை இரண்டு சாட்சிகள் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அந்த வாக்குமூலத்தில் 14க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், உழுத நிலம் சுமார் 35 ஏக்கர், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம் என்று எல்லாம் இருக்கிறது. ஏக்கர் 1.25 டாலருக்கு ரொக்கமாக வாங்கிய நிலத்தின் கோப்பில் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது, பெரும்பாலும் ரசீதுதான்.

அடுத்து நில விவரம். டவுன்ஷிப், ரேஞ்ச் என்பவை அளவைக் கட்டத்தில் நிலம் எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்று சொல்பவை; அந்தக் கட்டத்துக்குள் ஒரு சதுரம்தான் பிரிவு. ஃப்ரீமனுடையது: டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, பிரிவு 26, அதில் வடமேற்குக் காலின் தென்பாதி (80 ஏக்கர்), அதே காலின் வடகிழக்குக் கால் (40), வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால் (40). மொத்தம் 160. ஒரு பிரிவு 640 ஏக்கர், அதில் கால் 160 என்பது நினைவிருந்தால் கணக்கு எளிது. ஆங்கிலத்தில் இந்த விவரத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். காகிதத்தில் வரைந்து பாருங்கள்: சதுரம் வராது, தலைகீழான ‘டி’ எழுத்து வரும்.

இந்த விவரத்தோடு கவுண்டி பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். விற்றவர், வாங்கியவர் என இரண்டு பெயர் அட்டவணை இருக்கும். நிலவாரி அட்டவணையும் இருந்தால் அதையே கேளுங்கள். கிட்டத்தட்ட நம்ம வில்லங்கச் சான்று.

சங்கிலி அறுவது பெரும்பாலும் சாவில். அப்பா பெயரில் இருந்த நிலத்தை மகன் விற்றிருப்பார், நடுவில் பத்திரமே இருக்காது. சொத்து நீதிமன்றத் தீர்ப்பு வழியாக இறங்கியிருக்கும். அந்தக் கோப்பு வேறு அலுவலகத்தில். கடனில் மூழ்கிய நிலம் என்றால் ஷெரிஃப் (கவுண்டி காவல் அதிகாரி) ஏலம் விட்டுக் கொடுத்த பத்திரம், வரி பாக்கி ஏலப் பத்திரம் என்று தேட வேண்டும். கவுண்டி பிரிந்திருந்தால் பழைய பதிவுகள் தாய்க் கவுண்டியில் கிடக்கலாம். ரயில்வே கம்பெனி விற்ற நிலத்தில் பேட்டன்ட் கம்பெனி பெயரில் இருக்கும்.

‘ஒரு டாலரும் பிற மதிப்பும்’ என்று விலை போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். 1940 முதல் 1967 வரையிலான பத்திரங்களில் ஒட்டிய வருவாய் வில்லைகளின் (வரி கட்டியதற்கான முத்திரைகள்) மதிப்பைக் கூட்டுங்கள். 500 டாலருக்கு 55 சென்ட் விகிதம். 11 டாலர் வில்லை என்றால் சுமார் 10,000 டாலர். வாங்கியவர் ஏற்றுக்கொண்ட பழைய அடமானக் கடன் இதில் சேராது.

மனுப் போட்டுவிட்டு நிலத்தைப் பாதியில் விட்டுப் போனவர்கள் பேட்டன்ட் தேடலில் வரவே மாட்டார்கள். முதலில் கொட்டகை போட்டவர் அவராகவே இருக்கலாம். மத்திய அரசின் பழைய நிலப் பதிவேட்டில் ரத்தான மனுக்களைப் பாருங்கள். அவருக்கும் முன்னால் ஒரு கைமாற்றம் உண்டு: ஃப்ரீமன் நிலம் இருந்த வட்டாரத்தை ஓட்டோ, மிசூரியா என்ற பூர்வகுடி மக்கள் விட்டுக்கொடுத்த 1854 ஒப்பந்தம்.

ஃப்ரீமன் 1908-இல் இறந்தார். 1936 சட்டத்தின்படி அந்த இடம் தேசிய நினைவிடமாகி, நிலம் மறுபடி மத்திய அரசிடமே போய்ச் சேர்ந்தது. அங்கே இப்போது நிற்கும் மரவீட்டைப் பார்த்து ஃப்ரீமன் வீடு என்று பலர் எழுதுகிறார்கள். அது அதே கவுண்டியில் வேறொருவர் 1867-இல் கட்டி, பிறகு பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது.