1866-ஆம் ஆண்டு கோனிக்கிரேட்ஸ் போரில் ஆஸ்திரியா தோற்றதற்கு, ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ஊசித் துப்பாக்கி மட்டும்தான் காரணமா?

அது முக்கியமான காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. ஊசித் துப்பாக்கி எனப்படும், பின்புறம் குண்டேற்றும் டிரைசே துப்பாக்கியைப் பிரஷ்ய வீரர்கள் தரையில் படுத்தபடியே நிரப்பிச் சுட முடிந்தது. குழல் வாய்வழியே குண்டேற்றிய ஆஸ்திரியர்களோ பெரும்பாலும் நின்றுகொண்டே நிரப்ப வேண்டியிருந்ததால், அவர்கள் ஒருமுறை சுடுவதற்குள் எதிரி பலமுறை சுட்டுவிட்டான். அதேசமயம், பீரங்கிப் படையில் ஆஸ்திரியாவின் கையே ஓங்கியிருந்தது என்பதையும், ஜூலை 3 அன்று நண்பகல் வரை பிஸ்த்ரிட்ஸ் ஆற்றங்கரையில் பிரஷ்யாவின் முதலாம் படை முன்னேற இயலாமல் திணறியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

போரின் போக்கு மாறியது ஆஸ்திரிய அணியின் வலப்பக்கத்தில்தான். வடக்கே காவல் நிற்க வேண்டிய இரண்டு ஆஸ்திரியப் படைப்பிரிவுகள், ஸ்வீப் காட்டில் நின்ற ஒரேயொரு பிரஷ்யப் பிரிவை விரட்டும் முயற்சியில் தங்கள் இடத்தை விட்டு விலகின. திரும்ப அழைக்கப்பட்ட அவை பழைய இடத்தில் நிலைகொள்வதற்குள், பிரஷ்யப் பட்டத்து இளவரசர் பிரீட்ரிக் வில்ஹெல்மின் இரண்டாம் படை வடக்கிலிருந்து வந்திறங்கியது. பிற்பகலில், ஆஸ்திரிய அணியின் நடுமேடான ஹ்லும் கிராமம் வீழ்ந்தது. தனித்தனிப் பாதைகளில் வரும் படைகளைப் போர்க்களத்திலேயே ஒன்றுசேர்க்கும் பிரஷ்யத் தலைமைத் தளபதியகத்தின் தலைவர் மோல்ட்கேயின் துணிச்சலான திட்டம் பலித்தது.

ஆஸ்திரியத் தளபதி பெனடெக், போருக்கு இரண்டு நாள் முன்னரே சமாதானம் செய்துகொள்ளும்படி பேரரசருக்குத் தந்தி அடித்திருந்தார். போர் நாளன்று ஆஸ்திரியத் தரப்பின் இழப்பு, கைதிகளையும் சேர்த்து, 40,000-ஐத் தாண்டியது. பிரஷ்யாவின் இழப்பு ஏறத்தாழ 9,000. ஆகஸ்டில் கையெழுத்தான பிராக் உடன்படிக்கை, ஜெர்மானிய விவகாரங்களிலிருந்து ஆஸ்திரியாவை வெளியேற்றியது.