நாலும் நாலும் ஒன்றா?

கேள்வி: யூதர்களின் கபாலா என்னும் மறைஞான மரபில் நான்கு உலகங்கள் இருக்கின்றன, ஆன்மா ஒவ்வொன்றாக ஏறும் என்று படித்தேன். எங்கள் ஊர் திருமூலர் சொன்ன சரியை, கிரியை, யோகம், ஞானம்தானே இது?
– ஒரு வாசகர், திருவாவடுதுறை

பதில்: எண் பொருந்துகிறது, மற்றதெல்லாம் இடிக்கிறது ஐயா. சரியை முதலான நான்கும் நாம் நடக்கும் நெறிகள். கபாலாவின் அட்சிலூத், பிரியா, யெட்சிரா, அஸியா நான்கும் எல்லையற்ற இறைவனின் ஒளி கீழே வர வர மறைந்துகொண்டே போகும் அடுக்குகள். மேட்டூர் தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறாக, வாய்க்காலாகப் பிரிந்து கடைமடைக்கு வருகிற மாதிரி. அந்தக் கடைமடைதான் அஸியா, நாம் இருக்கும் இடம். ஒப்பிட்டே தீரவேண்டும் என்றால் நம் சைவ சித்தாந்தம் சொல்லும் படைப்பின் அடுக்குகளான 36 தத்துவங்கள் கொஞ்சம் கிட்டத்தில் வரும், ஆனால் அவை மாயையிலிருந்து தோன்றுபவை, அட்சிலூத்தோ இறைவனோடு ஒட்டியே இருப்பது.

ஆன்மாவுக்கும் படிகள் உண்டு: நெஃபேஷ், ரூவாக், நெஷாமா, அதற்கும் மேலே ஹயா, யெஹிதா. பிறக்கும்போது கிடைப்பது நெஃபேஷ், மற்றவை தகுதி வந்தால்தான். காலைப் பிரார்த்தனையையே ஐசக் லூரியா என்னும் கபாலா ஞானியின் வழியினர் இப்படி ஏறுகிறார்கள்: பலிகளைப் பற்றிய பகுதி, துதிப்பாடல்கள், இறைவன் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமா, கடைசியில் நின்றபடி மெல்லச் சொல்லும் அமிதா. அங்கே கீழிருந்து நான்காம் உலகமான அட்சிலூத். அப்புறம்? திரும்ப இறங்கி வந்துவிடுகிறார்கள்! எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, வேலை கீழேதானே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபேத் ஊரில் லூரியா சொன்னதும், அவர் அதிகம் எழுதாததால் சீடர் ஹயிம் வித்தல் எழுதி வைத்ததும் இதுதான்: படைப்பின்போது இறை ஒளியை ஏந்திய பாத்திரங்கள் அதைத் தாங்காமல் உடைந்தன, ஒளிப்பொறிகள் கீழே சிதறின, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஆசிகூட அவற்றை மேலே அனுப்பும். மறுபிறவியும் உண்டு, பாக்கி வைத்த வேலையை முடிக்க. பிறவி அறுப்பதே குறி என்னும் நம் சித்தாந்தக்காரர் இங்கே கொஞ்சம் நெளிவார்.

கேள்வி: இதை வீட்டிலேயே தியானமாகப் பழகலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. பர்தேஸ் என்னும் தோட்டத்துக்குள் நான்கு ரபிகள், அதாவது யூத குருமார்கள், போன கதை அவர்களின் மறைவிளக்க நூலான தால்முதில் இருக்கிறது: ஒருவர் இறந்தார், ஒருவருக்குப் புத்தி கலங்கியது, ஒருவர் நம்பிக்கையை விட்டார், அகிவா மட்டும் நலமாகத் திரும்பினார். நாற்பது வயதாகட்டும் என்று பிற்கால ரபிகள் சிலர் கட்டுப்பாடும் போட்டார்கள், லூரியா 38 வயதில் 1572இல் இறந்தே போய்விட்டார் என்பது வேறு விஷயம். சும்மா படித்துத் தெரிந்துகொள்ளத் தடையில்லை, கபாலா பெயரில் விற்கும் சிவப்புக் கயிற்றுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.